நிறுத்தவும் தெரிந்த தலைவர்
(மகாத்மா காந்தியடிகளின் வாழ்வு புகட்டும் ஒழுங்கு)

ஆண்டுதோறும் எசலப் பெரஹரா நம் கண்டி மாநகர வீதிகளிலே வரும்போது, நம்மில் எவர்தாம் வீட்டினுள்ளே அடங்கியிருப்போம்? சாட்டை வீசுவோர் முன்னே வர, பந்தம் ஏந்துவோரும் மேளம் முழக்குவோரும் நடனமாடுவோரும் அணியணியாகத் தொடர, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு முறைப்படி வந்து சேரும் காட்சி நாம் சிறு பராயந்தொட்டுக் கண்டு மகிழ்ந்த காட்சியாகும். அத்தனை யானைகள், அத்தனை சனங்கள், அத்தனை முழக்கம். ஆயினும் எல்லாம் ஒரு கட்டுக்குள் நடைபெறுகின்றன. நட என்றால் நடப்பதற்கு மட்டும் பழகிய யானையை எந்தப் பாகனும் வீதிக்குக் கொண்டு வரமாட்டான். நில் என்றால் நிற்கவும் பழகிய பின்னரே அதற்குப் பட்டாடை போர்த்துவான்.

மனிதர் கூட்டமும் அத்தகையதே. உரிமை கேட்டு எழும் கூட்டத்தை நடத்திச் செல்வோர் பலர். அதனை வேண்டிய இடத்திலே நிறுத்தவும் வல்லவர் மிகச் சிலர். அந்தச் சிலருள் முதல்வராய் விளங்கியவர் மகாத்மா காந்தியடிகள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை நம் வாலிப அன்பர்கள் பாடசாலையிலே படித்திருப்பார்கள். ஆகவே முழு வரலாற்றையும் இங்கே நாம் சொல்லப் புகவில்லை. தாம் தொடங்கிய இயக்கங்களை அமைதி குலையாமற் காப்பதற்கு அவர் பட்ட பாட்டையும், அதிலே அவர் அடைந்த தோல்விகளையும், அத்தோல்விகளால் அவர் கற்ற பாடத்தையும் மட்டுமே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பாலசுந்தரத்தின் தலைப்பாகை

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி போர்பந்தரிலே பிறந்த மோகன்தாஸ் காந்தி, இலண்டனிலே சட்டம் பயின்று, 1893ஆம் ஆண்டு ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், கறுப்பு நிறத்தவர் என்ற காரணத்தால் பீட்டர்மாரிட்ஸ்பேர்க் நிலையத்திலே இரவுக் குளிரில் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார் என்பதை யாவரும் அறிவர்.

அவரை ஏழைத் தொழிலாளரோடு பிணைத்தவர் ஒரு தமிழர். பாலசுந்தரம் என்னும் அந்த ஒப்பந்தத் தொழிலாளி, எசமானனால் அடியுண்டு, முன்பற்கள் உடைந்து, இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையிலே பிடித்தபடி 1894ஆம் ஆண்டு டர்பனிலே காந்தியின் முன் வந்து நின்றார். வெள்ளையரின் முன் தலைப்பாகையைக் கழற்றுதல் அங்கு வழக்கம். அந்த வழக்கப்படி அவர் தம் முன்னும் நிற்பதைக் கண்டு காந்தி மனம் வருந்தி, அதை மீண்டும் தலையிலே கட்டிக்கொள்ளுமாறு வேண்டினார். பின்னர் சட்டத்தின் வழியே முயன்று அவரை வேறோர் எசமானரிடம் மாற்றிவிட்டார். கோப்பிக் காலந்தொட்டு நம் மலைநாட்டுக்கு வந்த முன்னோரும் பாலசுந்தரத்தின் இனத்தவரே. ஆதலால் இச்சம்பவத்தைப் படிக்குந்தோறும் நமக்கு நெஞ்சு கனக்கின்றது.

1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே அதே டர்பனில் வெள்ளையர் கூட்டமொன்று காந்தியைக் கல்லாலும் காலாலும் தாக்கியது. பொலிஸ் அதிகாரியின் மனைவி ஒருவர் தம் குடையை விரித்து இடையிலே வந்து நின்றிராவிட்டால் அவர் அன்றே மாண்டிருப்பார். தாக்கியோர் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று அரசாங்கமே முன்வந்தபோதும் அவர் மறுத்துவிட்டார். கூட்டம் என்பது அறிவிழந்தால் எப்படியாகும் என்பதைத் தம் உடம்பிலேயே கண்டறிந்த அவர், தம்முடைய கூட்டம் ஒருநாளும் அப்படியாகலாகாது என உறுதி பூண்டார்.

2221 பேர் நடந்த நடை

1906ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க் நகரிலே ஏறத்தாழ 3000 இந்தியர் கூடி, அவமதிப்பான பதிவுச் சட்டத்துக்கு அடிபணிவதில்லை என்று சபதம் செய்தனர். அவ்வியக்கமே பின்னர் சத்தியாக்கிரகம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் அதன் முழு ஆற்றலும் வெளிப்பட்டது 1913ஆம் ஆண்டிலேதான். ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாத தொழிலாளர் மீது ஆண்டுக்கு 3 பவுண் தலைவரி விதிக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிலே தமிழர் பெருந்தொகையினர். அவர்களிடம் சென்று எழுப்பியவர்களும் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே.

அவ்வாண்டு நவம்பர் 6ஆம் திகதி 2037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் திரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடக்கத் தொடங்கினர். கல்வியறிவு இல்லாதவர்கள், பசியில் வாடியவர்கள், முன்பின் எவ்விதப் பயிற்சியும் பெறாதவர்கள். அவர்களுக்கு அடிகள் விதித்த கட்டளைகள் மிகச் சிலவே. தேவைக்கு மேல் துணிமணி சுமக்கலாகாது; வழியிலே பிறர் பொருளைத் தொடலாகாது; ஏசினாலும் அடித்தாலும் பொறுக்க வேண்டும்; கைது செய்தால் இணங்க வேண்டும். நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு ஒன்றரை இறாத்தல் பாணும் சிறிது சீனியுமே உணவு. அதையும் அடிகள் தாமே முன்னின்று பங்கிட்டார். வழியிலே இரு குழந்தைகள் இறந்தன. தாய்மார் அழுத கண்ணீரோடே நடந்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நான்கு நாள்களுக்குள்ளே அடிகள் மூன்று முறை கைது செய்யப்பட்டார். தலைவர் இல்லாமற் போனால் கூட்டம் கலைந்துவிடும் அல்லது கலகம் செய்யும் என்று அரசாங்கம் எண்ணியிருக்கலாம். இரண்டும் நிகழவில்லை. தலைவர் இருந்தபோது நடந்தது போலவே, இல்லாதபோதும் அவர்கள் நடந்தார்கள். ஒழுங்கு என்பது தலைவரின் கண்பார்வைக்குள் மட்டும் இருப்பதானால் அது ஒழுங்கன்று, அச்சமேயாகும். அந்தச் சுரங்கத் தொழிலாளரிடம் இருந்தது அச்சமன்று.

இன்னுமொரு செய்தி. 1914ஆம் ஆண்டு தொடக்கத்தில் அடிகள் மீண்டும் ஒரு நடைக்கு ஆயத்தமாயிருந்த வேளையிலே, வெள்ளையரான புகையிரதத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அரசாங்கம் திணறியது. இதுவே தக்க தருணம், இரண்டு பக்கமும் நெருக்கலாம் என்று பலர் கூறினர். அடிகளோ எதிராளி இடர்ப்படும் வேளையில் அடிப்பது தம் முறையன்று எனக் கூறி நடையைத் தள்ளிவைத்தார். அதனால் அவருக்கு நட்டம் உண்டாகவில்லை. அவ்வாண்டிலேயே 3 பவுண் வரி நீக்கப்பட்டது. அதைக் காணத் தில்லையாடி வள்ளியம்மை உயிரோடில்லை. சிறையிலே நோயுற்று, விடுதலையான சில நாளில், 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி தம் 16ஆம் வயதிலே அவர் மறைந்தார்.

மில் தொழிலாளரும் நான்கு வாக்குறுதிகளும்

1915ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அடிகள் 1918ஆம் ஆண்டு அகமதாபாத்து மில் தொழிலாளரின் போராட்டத்தை நடத்தினார். தொழிற்சங்கத்தோடு தொடர்புடைய நம் மலைநாட்டார் யாவரும் இதனை அறிந்திருத்தல் நலம். கேட்டது 35 வீதச் சம்பள உயர்வு. மில் முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்று உழைத்தவரோ அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா. அடிகள் இருவருக்கும் நண்பர்.

நாள்தோறும் மாலையிலே சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு மரநிழலில் தொழிலாளர் கூடுவர். அவர்களிடம் அடிகள் நான்கு வாக்குறுதிகளைப் பெற்றார். வன்முறையில் இறங்குவதில்லை, வேலைக்குப் போகும் சக தொழிலாளியைத் துன்புறுத்துவதில்லை, பிச்சை ஏற்று வாழ்வதில்லை, எத்தனை நாள் நீடித்தாலும் தளர்வதில்லை, அதுவரை வேறு நேர்மையான வேலை செய்து பிழைப்பது. நாள்கள் சென்றன. பசி வந்தது. வேலைக்குப் போனோர் மீது சிலருக்குக் கோபம் மூண்டது. அடிகள் கோபித்தவரைக் கடிந்து பேசியதோடு அமையாமல், தாமே உண்ணாவிரதம் இருக்கலானார். மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. நடுவர் தீர்ப்பு 35 வீதமாகவே முடிந்தது.

இமயம் போன்ற தவறு

இதுவரை வெற்றியையே கண்டோம். இனித் தோல்வியைக் காண்போம். பெரியோரின் வெற்றியைக் காட்டிலும் அவர் தோல்வியே நமக்கு மிக்க பயன் தருவது.

1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியா முழுவதும் கடையடைப்பும் உண்ணாநோன்பும் நடைபெற்றன. அடிகளைக் கைது செய்தனர் என்ற செய்தி பரவியதும், அவர் ஊராகிய அகமதாபாத்திலேயே சனங்கள் கட்டிடங்களைக் கொளுத்தினர்; உயிர்க்கொலையும் செய்தனர். ஏப்ரல் 13ஆம் திகதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கிலே டயர் என்னும் தளபதி நிராயுதபாணிகளைச் சுட்டுத் தள்ளினான். அரசாங்கக் கணக்கே 379 பேர் என்றது. அடிகள் அரசாங்கத்தின் கொடுமையைக் கண்டிக்கத் தவறவில்லை. ஆயினும் தம்மவர் செய்த கொடுமையை அதன் பின்னே மறைக்கவும் இல்லை. மூன்று நாள் நோன்பிருந்து, ஏப்ரல் 18ஆம் திகதி இயக்கத்தை நிறுத்தினார். பயிற்சி பெறாத மக்களைச் சட்ட மறுப்புக்கு அழைத்தது இமயமலை போன்ற பெருந்தவறு என்று ஊரறிய ஒப்புக்கொண்டார்.

மூன்று ஆண்டு கழிந்தது. ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவி, பர்தோலியிலே வரிகொடா இயக்கம் தொடங்கவிருந்த வேளை. 1922ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌரா என்னும் ஊரிலே ஊர்வலஞ் சென்றோருக்கும் பொலிசாருக்கும் மோதல் ஏற்பட்டது. பொலிசார் சுட்டனர். குண்டு தீர்ந்ததும் நிலையத்துள் ஒளிந்தனர். கூட்டத்தார் நிலையத்துக்குத் தீயிட்டனர். 22 பொலிசார் மாண்டனர்.

அடிகள் இயக்கம் முழுவதையும் நிறுத்திவிட்டார். ஐந்து நாள் உண்ணாதிருந்தார். சிறையிலிருந்த நேரு முதலியோர் திகைத்தனர், பலர் சினந்தனர். எங்கோ ஒரு சிற்றூரில் நடந்த பிழைக்காக முப்பது கோடி மக்களின் வேகத்தை அடக்குவதா என்று கேட்டனர். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நிறுத்தியதனால் சோர்வும் பிளவும் உண்டாயின என்பது மெய். சௌரி சௌரா வழக்கிலே 172 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டின் பின் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர் என்பதும் மெய். அடிகளும் அடுத்த மாதமே சிறைப்பட்டார்; ஆறு ஆண்டுத் தண்டனை பெற்றார்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், இரண்டாவது சௌரி சௌராவும் மூன்றாவதும் நிகழ்ந்திருக்கும். அதன்பின் அகிம்சை என்னும் சொல்லை எவர் நம்பியிருப்பர்? நம்மவர் செய்த பிழை சிறிதா பெரிதா என்பது கேள்வியன்று. அது நம் பெயரால் செய்யப்பட்டதா என்பதே கேள்வி. தம் மக்களின் கைத்தட்டலை இழக்கவும் துணிந்த தலைவரே தம் மக்களைக் காப்பாற்ற வல்லவர்.

கண்டிக்கு வந்த காலம்

இந்த அனுபவங்களையெல்லாம் நெஞ்சிலே சுமந்தபடியேதான் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே வருகையின் நோக்கம். கஸ்தூரிபா அம்மையாரும் இராஜகோபாலாச்சாரியாரும் உடன் வந்தனர். கொழும்பிலிருந்து நம் கண்டிக்கும், பதுளை, அற்றன், நுவரெலியா ஆகிய மலைநாட்டு ஊர்களுக்கும், பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் அவர் சென்றார். லயங்களிலே வாழ்ந்த தொழிலாளர் தம் சிறு சேமிப்பிலிருந்து காசு கொண்டுவந்து கொடுத்தனர்.

அத்தொழிலாளருக்கு அவர் கூறிய புத்திமதி என்ன? துரைமாரை எதிர்த்து எழுங்கள் என்று அவர் முழங்கவில்லை. மதுவை விடுங்கள், தூய்மையாக வாழுங்கள் என்பதே அவர் வற்புறுத்தியது. இது ஏமாற்றமான பேச்சென்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் முன்னே நாம் கண்ட வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும். சம்பள நாளிலே தன்னை அடக்கமாட்டாதவன், போராட்ட நாளிலே தன்னை அடக்குவது எங்ஙனம்? அடிகளின் கணக்கிலே போராட்டம் என்பது ஊர்வல நாளில் தொடங்குவதன்று. அதற்கு நெடுநாள் முன்னரே வீட்டிலே தொடங்குவது.

எழுபத்தெட்டுப் பேர்

அதன் பலன் 1930ஆம் ஆண்டிலே தெரிந்தது. உப்புச் சட்டத்தை மீறப் புறப்பட்டபோது, இலட்சக்கணக்கானோர் உடன் வர ஆயத்தமாயிருந்தும், அவர் அழைத்துச் சென்றது 78 பேரை மட்டுமே. யாவரும் ஆசிரமத்திலே பழகியவர்கள். வைசிராய்க்கு முன்னதாகவே கடிதம் எழுதி, செய்யப்போவதை அறிவித்தார். மார்ச் 12ஆம் திகதி தொடங்கி 24 நாளில், ஏறத்தாழ 240 மைல் நடந்து தண்டி சேர்ந்தனர். பிரார்த்தனை, நூல் நூற்றல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகிய மூன்றும் களைத்த நாளிலும் தவறலாகாது. வழியிலே தொண்டர்களுக்காகச் சூரத்து நகரிலிருந்து மோட்டார் வண்டியிலே பால் வருவித்தனர் என்று கேட்டபோது, ஏழைகளின் பெயரால் நடப்போர் இப்படிச் செலவிடலாமா என்று அவர் பொதுக்கூட்டத்திலேயே தம்மையும் தம்மவரையும் கடிந்துகொண்டார். ஏப்ரல் 6ஆம் திகதி ஒரு பிடி உப்பு எடுத்தார்.

மே மாதம் 21ஆம் திகதி தாரசனா உப்பளத்தின் முன் ஏறத்தாழ 2500 தொண்டர்கள் அணிவகுத்தனர். அடிகளோ சிறையிலே இருந்தார். சரோஜினி தேவியார் தலைமை தாங்கினார். இரும்புப் பூணிட்ட தடிகள் தலைகளிலே விழுந்தன. ஓர் அணி வீழ, அடுத்த அணி நடந்தது. தடுப்பதற்கென்று ஒருவரும் கைகூட உயர்த்தவில்லை. இருவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அதைக் கண்ட அமெரிக்க நிருபர் ஒருவர் எழுதியது உலகெங்கும் பரவியது. 1913ஆம் ஆண்டிலே நம் தமிழ்த் தொழிலாளர் செய்தது போலவே, தலைவர் இல்லாத இடத்திலும் ஒழுங்கு நின்றது.

எல்லா முறையும் அவ்வாறு நின்றதென்று சொல்லமாட்டோம். 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி தலைவர்கள் யாவரும் ஒரே நாளிற் சிறைப்பட்டபோது, தந்திக் கம்பிகள் அறுபட்டன, நிலையங்கள் எரிந்தன. 1947ஆம் ஆண்டிலே சகோதரர் சகோதரரை வெட்டினர். கல்கத்தாவிலே அடிகள் உண்ணாதிருந்து அக்கலகத்தை அடக்கினார். டில்லியிலும் அவ்வாறே நோன்பிருந்தார். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, பிரார்த்தனைக்கு நடந்து செல்லும் வழியிலே, தம் 78ஆம் வயதில் சுடப்பட்டு மாண்டார்.

நாம் கற்கவேண்டியது

நம் கண்டியைச் சூழ்ந்த மலைநாடும் இப்பாடத்தை அறியாததன்று. 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமை இழந்த நம்மவர் 1952ஆம் ஆண்டு கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். 1986ஆம் ஆண்டு பொங்கலன்று மலைநாட்டுத் தோட்டங்களிலே பிரார்த்தனையையே போராட்டமாகத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. கல்லெறியாமலும் கேட்கலாம், கேட்டுப் பெறவும் கூடும் என்பதற்கு நம் பெற்றோரே சாட்சி.

கட்டுமீறிய கூட்டம் என்ன செய்யும் என்பதற்கும் நாம் சாட்சிகளே. 1983ஆம் ஆண்டு நம் நகர வீதிகளிலே கடைகள் எரிந்ததைப் பெரியோர் மறக்கவில்லை. 2018ஆம் ஆண்டு திகனையிலே இஸ்லாமிய அயலாரின் வீடுகளும் கடைகளும் எரிந்ததை இளைஞரும் கண்டனர். 2022ஆம் ஆண்டிலே காலிமுகத்திடலில் மூவின இளைஞரும் வாரக்கணக்காக அமைதியாக நின்றனர். மே 9ஆம் திகதி அவர்கள் தாக்கப்பட்டனர். அன்றிரவே நாட்டின் பல பாகங்களில் வீடுகள் கொளுத்தப்பட்டன. பல வாரப் பொறுமையின் நற்பெயருக்கு ஓர் இரவு மாசு கற்பிக்கப் போதுமாயிற்று.

ஆதலால் வாலிப அன்பர்களே, உரிமைக்காக எழ வேண்டிய நாள் வந்தால் தயங்காதீர். ஆனால் எழுமுன் சிலவற்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாம் செய்யப்போவதை முன்னதாக வெளிப்படச் சொல்லியிருக்கின்றோமா? நம்மோடு வருபவர் யார் என்பதை அறிவோமா? அடி விழுந்தால் என்ன செய்வதென்று ஒவ்வொருவருக்கும் தெரியுமா? தலைவரைக் கொண்டுபோனால் யார் வழிநடத்துவது? நம்மவர் பிழை செய்தால் ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு உண்டா? நிறுத்து என்றால் நிற்போமா? இவற்றுக்கு விடை இல்லையாயின் அன்று வீதிக்கு இறங்குவது தகாது.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இளைஞரின் கோபத்தைக் கண்டு கதவடைத்துக்கொள்ளாதீர். அவர்களோடு அமர்ந்து அதற்கு ஒரு நெறி காட்டுங்கள். நியூகாசில் தொழிலாளருக்குப் பாண் பங்கிட ஒருவர் இருந்தார். அதனாலேயே அவர்கள் பிறர் பொருளைத் தொடவில்லை.

அடுத்த பெரஹராவிலே அணிவகுத்து வரும் யானைகளைக் காணும்போது அவற்றின் பட்டாடையை மட்டும் பாராதீர்கள். பக்கத்திலே நடக்கும் பாகனையும் பாருங்கள். காந்தியடிகளை அவ்விடத்திலே ஒருகணம் நினைந்துகொள்ளுங்கள்.